கோமேதகன் நல்லவனான மாசம்

உக்காருங்க தம்பி. அந்தச் சேர்ல வேணாம், அது ஒரு கால் ஆடும். இப்படிக் கட்டில்லயே உக்காருங்க. கோயம்புத்தூர்லருந்து இதுக்குன்னே வந்தீங்களா? சிவகாசிக்குக் காலண்டர் அடிக்க வருவாங்க, வெடி வாங்க வருவாங்க. எங்கிட்ட கையெழுத்து வாங்க ஒருத்தர் பஸ் ஏறி வருவாருன்னு எம்பொண்டாட்டி சத்தியமா நம்ப மாட்டா. பேச்சி! ஏய் பேச்சி! யாருன்னு எட்டி எட்டிப் பாத்தியே, பழைய காமிக்ஸ் புஸ்தகமெல்லாம் சேத்து வைக்கிறவராம். என்னைத் தேடித்தான் வந்திருக்காரு. கேட்டுச்சா? கேட்டுச்சுன்னா சரி, போ.

குடுங்க பாப்போம். ‘கோமேதகனின் கொலைவாள்’. அட! ‘பாதாளத்தில் கோமேதகன்’. அய்யய்யோ, இதெல்லாம் இன்னமும் உலகத்துல இருக்கா? பாருங்க, அட்டையில இருக்கறது நாந்தான். இடது புருவத்துல ஒரு வெட்டு இருக்குல்ல? இங்க பாருங்க, இங்க. சின்ன வயசுல கெணத்து மேட்டுலருந்து விழுந்தது. இந்த மூக்கு, இந்தத் தாடை, அச்சு அசல் நாந்தான். பேனாவைக் குடுங்க. சங்கரலிங்கம்னு போடவா, கோமேதகன்னு போடவா? ரெண்டும் போடுறேன், வச்சுக்கங்க.

இது என்ன? ‘கோமேதகனின் மறுபிறவி’யா?

இதுல போட மாட்டேன் தம்பி. கோவிச்சுக்காதீங்க. மத்த பதினாலுலயும் போட்டுத் தந்தேன்ல? இதை மட்டும் பைக்குள்ள வைங்க. அட, வைங்கன்னா வைங்க!

சத்தமாச் சொல்லிட்டேனோ? பயந்துட்டீங்களா? எனக்குத் தொண்டையே அப்படி. முப்பத்தெட்டு வருஷம் ஆஃப்செட் மெஷின் பக்கத்துல நின்னு பேசிப் பேசி இப்படி ஆயிருச்சு. மத்தபடி கோவம்கிறதே நமக்குக் கெடையாது. என்னைக் கோவக்காரன்னு இந்த ஊர்ல எவனாவது சொன்னான்னா அவன் நாக்கை அறுத்துருவேன்.

ஏன் போட மாட்டேன்னா, அது என்னைக் கழுத்தறுத்த புஸ்தகம். நம்ப வச்சுக் கழுத்தறுக்கறதும்பாங்கல்ல, அது. வெளியாள் பண்ணல. எங்கூட ஒரே டிபன் பாக்ஸுல கையப் போட்டுத் தின்ன பய பண்ணான். இன்னொருத்தன் எங்க வீட்டுலயே படுத்துக் கெடந்தவன். வந்ததுக்கு முழுசாக் கேட்டுட்டுப் போங்க. கோயம்புத்தூர்ல உங்களை மாதிரிப் புஸ்தகம் சேக்கிறவங்க இருப்பாங்கல்ல, அவங்க கிட்டயும் சொல்லுங்க.

இந்தப் பொன்மான் காமிக்ஸையெல்லாம் அடிச்சது எங்க பிரஸ்ஸுலதான். நான் மெஷின்மேன். படம் போடறவன் சகாயம், தேவசகாயம். மாடியில ஒரு சின்ன ரூம்ல ஒக்காந்து வரைவான். அவன் இந்த ஊருக்கு வந்தப்ப ஒரு ஜோல்னாப் பையும் நாலு தூரிகையும்தான் சொத்து. ஆறு மாசம் எங்க வீட்டுச் சோறு. பேச்சிதான் போட்டா. நான் போடச் சொன்னேன், அதான் போட்டா.

மொத புஸ்தகத்துக்குப் படம் வர லேட்டு. மெஷின் சும்மா நிக்கிது, மொதலாளி என்னைப் புடிச்சு ஏசுறாரு. எனக்குச் சுருக்குனு ஏறிருச்சு. மாடிப்படியை ரெண்டு ரெண்டாத் தாவி ஏறி, கதவை ஒரு ஒதை விட்டு, “ஏலே, படம் வரையிறியா இல்ல பல்லாங்குழி ஆடுறியா? கைய ஒடிச்சு அடுப்புல வச்சுருவேன்”னு நின்னேன். கையெல்லாம் மை, மொகமெல்லாம் மை. இந்தப் பய பயப்படணும்ல? பயப்படல. தூரிகையை எடுத்துக்கிட்டு, “அண்ணாச்சி, அசையாதீங்க. அப்படியே நில்லுங்க. புருவத்தை எறக்கிராதீங்க”ங்கறான். வில்லனுக்கு மொகம் கெடைக்காம மூணு நாளா தவிச்சுக்கிட்டு இருந்திருக்கான். அன்னைக்குப் பொறந்தவன்தான் கோமேதகன். ஊரூராப் போயி கோயில் நகையைக் களவாண்டு, மலை உச்சியில கோட்டை கட்டிக்கிட்டு, கதாநாயகன் ஏஜெண்ட் அமுதனைக் கொல்லப் பாக்குற கொடுங்கோலன்.

ஏன் சம்மதிச்சேன்னு கேக்குறீங்களா? சிநேகிதத்துக்காகத்தான். வேற என்ன?

சும்மா சொல்லக் கூடாது, நல்லாவும் இருந்துச்சு. ரேஷன் கடை வரிசையில சின்னப் பயலுக எனக்கு வழி விடுவானுக. பஸ்ஸுல எம்பக்கத்துல எடம் காலியாவே கெடக்கும். தெருவுல எந்த வீட்டுல புள்ள அழுதாலும் என்னைத்தான் கூப்புடுவாங்க. நான் போயி ஜன்னல்ல இந்த ஒத்தப் புருவத்தை இப்படித் தூக்குனாப் போதும், கப்சிப்.

எம்மக கனி, செல்வக்கனி, அவளும் அப்படித்தான். ரெண்டு வயசு, மூணு வயசுல சோறு எறங்காது அவளுக்கு. வாயில வச்சுக்கிட்டே மணிக்கணக்கா உக்காந்திருப்பா. பேச்சி ஒரு வித்தையும் தெரியாதவ. நான் என்ன பண்ணுவேன், புஸ்தகத்தை விரிச்சு கோமேதகன் படத்தை அவ மொகத்துக்கு நேரா வச்சு, பக்கத்துலயே எம்மொகத்தையும் வச்சு, “முழுங்குறியா, இல்ல கோட்டைக்குத் தூக்கிட்டுப் போகவா?”ன்னு ஒரு உறுமு உறுமுவேன். மடக்குன்னு முழுங்கிருவா. கிண்ணம் காலி. அஞ்சு வயசு வரைக்கும் அப்படித்தான் வளத்தேன். நல்லா வளந்தா தம்பி, எலும்பும் தோலுமா இருந்த புள்ள.

சரி, இப்பத்தான் விசயத்துக்கு வர்றேன்.

அவ மூணாம் கிளாஸ் போகையில ஒரு நாள், பள்ளிக்கூடத் தெரு முக்குல வச்சு, “நீ இங்கயே நின்னுக்கப்பா, நான் போயிக்கிறேன்”ன்னா. ஏன் தாயின்னு துருவித் துருவிக் கேட்டதுல சொன்னா. கேட் பக்கம் என்னையக் கண்டா புள்ளைக ஓடுதுகளாம். அவளை எவளும் பக்கத்துல உக்கார வச்சுக்க மாட்டேங்குறாளாம். கோமேதகனோட பொண்ணுன்னா யாரு உக்காருவா? எனக்கு மனசே விட்டுப் போச்சு. ஊருல உள்ளதுக பயந்துட்டுப் போகுது. பெத்த மக சொல்றா, நீ வராதன்னு.

அன்னைக்கிலருந்து அவளைக் கேட் வரைக்கும் கூட்டிட்டுப் போனது தவசி. பேச்சியோட தம்பி, எம்மச்சினன். வேலை வெட்டி இல்லாம அருப்புக்கோட்டையில சுத்திக்கிட்டு இருந்தவனை நாந்தான் கூட்டிட்டு வந்து, பிரஸ்ஸுல பைண்டிங்ல சேத்து விட்டு, வீட்டுல எடமும் குடுத்தேன். செவத்த தோலு, பால்வடியிற மொகம். வாயைத் தொறந்து ஒரு அதட்டு அதட்டத் தெரியாது. இவ மாமா மாமான்னு அவன் விரலைப் புடிச்சுக்கிட்டுப் போவா. நான் முக்குல பெட்டிக்கடை கிட்ட நின்னு பாத்துக்கிட்டு இருப்பேன். ரெண்டு வருஷம் தம்பி. ரெண்டு வருஷம் எம்மகளை முதுகுப் பக்கமாத்தான் பாத்தேன்.

அப்பத்தான் கடுதாசியா வந்து குமிஞ்சுது. ஏஜெண்ட் அமுதனை விடக் கோமேதகனுக்கு மவுசு கூடிப் போச்சு. ‘கோமேதகனைத் திருத்துங்கள்’, ‘அவர் நாட்டுக்கு உழைக்கட்டும்’, ‘அமுதனும் கோமேதகனும் கைகோக்க வேண்டும்’. மொதலாளி யோசிச்சு, சரி, அவனை நல்லவனா ஆக்கிப் புதுத் தொடர் ஆரம்பிப்போம்னுட்டாரு. சகாயம் எறங்கி வந்து எங்கிட்ட சொன்னப்ப, மெஷினை நிப்பாட்டிட்டு அவனைக் கட்டிப் புடிச்சேன். அவன் சட்டையெல்லாம் மை.

அன்னைக்குச் சாயங்காலமே கனி கிட்டக் கேட்டேன். “தாயி, கோமேதகன் நல்லவனா ஆயிட்டான்னா அப்பா கேட் வரைக்கும் வரலாமா?” ரொம்ப நேரம் யோசிச்சா. “புஸ்தகத்துல வந்துருமா?”ன்னா. “வந்துரும்.” “எல்லாப் புள்ளைகளும் படிச்சிருவாங்களா?” “படிச்சிருவாங்க.” “அப்ப வரலாம்”ன்னா. இதுக்குத்தான் தம்பி அந்த ஒரு மாசமும் காத்துக் கெடந்தேன். வேற எதுக்கும் இல்ல. பேரு புகழ் எனக்கு எதுக்கு? அந்தக் கேட் வரைக்கும் அவ கையப் புடிச்சுக்கிட்டுப் போகணும்.

மொதல்ல சும்மா வெள்ளோட்டம் பாக்க, அமுதன் கதையில கடைசிப் பக்கத்துல ஒரு படம் வச்சாங்க. ஆத்துல வெள்ளம் போகுது. நொண்டித் தபால்காரர் ஒருத்தரைக் கோமேதகன் தோள்ல தூக்கிக்கிட்டுக் கரையேறுறான். எவ்வளவு நல்ல படம்! மறுவாரம் கடுதாசி வருது. ‘தபால் பையில் என்ன வைரம் இருந்தது?’ ‘தபால்காரரை எந்தக் குகையில் அடைத்தான்?’ ‘கோமேதகனின் இந்தப் புதிய சதி பிரமாதம்’. எப்படி இருக்கும் எனக்கு? மொதலாளி மொகம் சுருங்கிப் போச்சு. நான் சொன்னேன், சின்னப்புள்ளைக, போகப் போகப் புரிஞ்சுக்கும்ங்க, ஒரே நாள்ல ஆயிருமான்னு. அவரு கடுதாசியெல்லாம் அள்ளிக்கிட்டு உள்ள போயிட்டாரு.

அதுக்கு மேல சகாயம் என்னை மூணு நாள் மத்தியானம் மாடிக்குக் கூப்பிட்டான். “நல்லவன் மொகம் வேணும் அண்ணாச்சி. ஒரு சிரிப்புச் சிரிங்க.” சிரிச்சேன். “இது யாரையோ கெணத்துல தள்ளி விட்டுட்டுச் சிரிக்கிற மாதிரி இருக்கு. கனிவா…” ஏலே, இதுக்கு மேல எப்படிடா கனியிறது, பழமாடா நானு? “பொண்ணை நெனச்சுக்கங்க அண்ணாச்சி, தன்னால வரும்”ங்கறான். நெனச்சேன். பள்ளிக்கூடம் போறாளா, கூடவே தவசி போறானா, அவன் விரலைப் புடிச்சுக்கிட்டு… சகாயம் தூரிகையை வச்சுட்டுத் தண்ணி குடிச்சான். “போதும் அண்ணாச்சி, நான் பாத்துக்கிறேன்”னான். பாத்துக்கிறேன்னான் தம்பி! அந்த வார்த்தையை நம்பித்தான் கீழ எறங்கி வந்தேன்.

அந்த ‘மறுபிறவி’ புஸ்தகம் மெஷினுக்கு வந்துச்சு. இப்ப உங்களுக்கு ஒண்ணு சொல்லணும், இல்லாட்டி விளங்காது. அச்சுல பக்கம் வரிசையா வராது. ஒரு பெரிய தாளு, முன்பக்கம் எட்டுப் பக்கம், பின்பக்கம் எட்டு. அஞ்சாம் பக்கத்துக்குப் பக்கத்துல பன்னெண்டு கெடக்கும். மூணுக்குப் பக்கத்துல பதினாலு. பாதி தலைகீழாக் கெடக்கும். மடிச்சு வெட்டுனாத்தான் கதை கதையா வரும். மெஷின்மேன் அதைப் படிச்சுக்கிட்டா இருப்பான்? மை சரியா விழுதா, செவப்பு வெலகாம உக்காருதான்னுதான் கண்ணு போகும்.

நான் அடிக்கிறேன். எம்மொகம் வருது. கூடவே சில பக்கத்துல, அட, நம்ம தவசி மொகம்! வாளும் கையுமா நிக்கிறான். எனக்குச் சிரிப்பு தாங்கல. பைண்டிங்குக்கு ஒரு தாளை எடுத்துட்டுப் போயி, எல்லாரும் கேக்க, “மாப்ள, உன்னையும் புஸ்தகத்துல போட்டுட்டான்டா சகாயம்! எனக்கு எடுபிடி! கோட்டைக்குக் கூட்டித் தள்ள ஆள் வேணும்ல?”ன்னேன். எல்லாப் பயலுகளும் தரையைப் பாத்துக்கிட்டு நிக்கிறானுக. இவன், “ஆமா அத்தான்”ங்கறான். ஆமாத்தானாம்! மொகத்துல ஒரு சொட்டு ரத்தம் இல்ல. நான் கேலி பண்ணதுல கூச்சப்படுறான்னு நெனச்சுக்கிட்டேன். பத்தாயிரம் தாளு தம்பி. ரெண்டு நாளு, முன்னும் பின்னும், பாட்டுப் பாடிக்கிட்டே அடிச்சேன்.

மூணாம் நாள் மத்தியானம், கனிக்குன்னு மொதப் புஸ்தகத்தை நானே கையால மடிச்சேன். வெட்டி, ஒழுங்கு பண்ணி, மெஷின் ஓரத்துல உக்காந்து மொதல்லருந்து படிச்சேன். பதினோராம் பக்கம். கோமேதகனுக்குப் புத்தி வந்துருது. செஞ்ச பாவத்துக்கெல்லாம் அழறான். என்ன அழுகை! மலைமேல ஒரு சுனை இருக்கு, அதுல குதிக்கிறான். எனக்கே கண்ணுல தண்ணி. பக்கத்தைத் திருப்புறேன். பன்னெண்டு. சுனையிலருந்து எந்திரிக்கிறான்.

தவசி.

தவசி எந்திரிக்கிறான் தம்பி. செவப்பா, மீசையை முறுக்கிக்கிட்டு. மேல கட்டத்துல எழுதிருக்கு: ‘பாவம் கழுவப்பட்டது. கோமேதகன் புதிய முகம் பெற்றான்!’ எட்டு வருஷம் எல்லாப் பாவத்தையும் பண்ணது எம்மொகம். அழுததும் எம்மொகம். நல்லவன் ஆகிற நேரத்துல அதைக் கழுவிச் சுனைத் தண்ணியோட விட்டுட்டான். அதையும் என் கையாலயே பத்தாயிரம் அடிக்க வச்சான்.

மாடிக்கு எப்படிப் போனேன்னு தெரியல. சகாயம் என்னைப் பாத்ததும் எந்திரிச்சுச் சுவரோட ஒட்டிக்கிட்டான். புஸ்தகத்தை அவன் மூஞ்சிக்கு நேரா நீட்டி, “என்னடா இது?”ன்னேன்.

“மொதலாளி சொல்லிட்டாரு அண்ணாச்சி. தபால்காரர் படத்துக்கு வந்த கடுதாசியெல்லாம் பாத்துட்டு, இந்த மொகம் வேணாம்னுட்டாரு.”

“அவரு சொன்னா? நீ சொல்றதுக்கு என்ன, ஒனக்கு வாயில கொழுக்கட்டையா?”

“நான் முயற்சி பண்ணாம இல்ல. எத்தனையோ போட்டுப் பாத்தேன்.” மேஜைக்கு அடியிலருந்து ஒரு கட்டு எடுத்துப் போட்டான். நாப்பது படம் இருக்கும். எல்லாம் நானு. புள்ளையத் தூக்கி வச்சிருக்கேன். மாட்டுக்குப் புல்லுப் போடுறேன். கண்ணு தெரியாதவருக்கு ரோட்டைத் தாண்டி விடுறேன். “ஒவ்வொண்ணையும் பாருங்க. புள்ளையத் தூக்குனா, கடத்துற மாதிரி இருக்கு. கை கும்புட்டா, பின்னால கத்தி இருக்கற மாதிரி இருக்கு. எட்டு வருஷமா இந்தப் புருவம் தூக்குனா பயப்படுங்கன்னு புள்ளைகளுக்கு நாந்தான் சொல்லிக் குடுத்திருக்கேன். இன்னைக்குத் திடீர்னு நம்புன்னா எப்படி நம்புவாங்க? நானே நம்பல அண்ணாச்சி.”

“இதை எங்கிட்ட முன்னாலயே சொல்றதுக்கு என்ன?”

தலையைக் குனிஞ்சுக்கிட்டு, “பயமா இருந்துச்சு”ன்னான்.

“என்னைப் பாத்தா? என்னைப் பாத்து ஒனக்கு என்னடா பயம்? நீ வரைஞ்ச படந்தானடா அது!”

தூரிகை வச்சிருந்த டம்ளரை எடுத்து எறிஞ்சேன். அவன் மேல இல்ல, சுவத்துல. நான் யாரையும் கை நீட்டுனவன் கெடையாது. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணிட்டியேடான்னு சொல்லிட்டு, அந்த நாப்பதுலருந்து ஒரு படத்தை மட்டும் உருவி வேட்டி மடிப்புல செருகிக்கிட்டு எறங்கிட்டேன். ரோட்டோரம் ஒரு சின்னப்புள்ள மயங்கிக் கெடக்கு. கோமேதகன் மண்டி போட்டு, சொம்புல தண்ணி குடுக்குறான். அவ்வளவுதான் படம். எனக்கு அதுல ஒரு குத்தமும் தெரியல. அதை எம்மகளுக்குக் காட்டிட்டாப் போதும், அவ ஒருத்தி நம்பிட்டாப் போதும், மொதலாளியாவது மண்ணாங்கட்டியாவதுன்னு நெனச்சேன்.

வீட்டுக்கு வந்தா வாசல்ல அஞ்சாறு பொம்பளப் புள்ளைக கூடி நிக்கிதுக. நடுவுல கனி. கையில புஸ்தகம். தவசி எனக்கு முன்னாலயே கொண்டு வந்து குடுத்திருக்கான். “இவருதான் எங்க மாமா. நெசமாவே எங்க மாமா”ன்னு சொல்லிச் சொல்லிக் காட்டுறா. அவ மொகத்துல அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பாத்ததே இல்ல தம்பி. என்னைக் கண்டதும் மத்ததுக கலைஞ்சு ஓடிருச்சு. இவ புஸ்தகத்தை முதுகுக்குப் பின்னால ஒளிச்சுக்கிட்டா.

தவசி உள்ள காப்பி குடிச்சுக்கிட்டு இருந்தான். “ஏலே, மத்தியானச் சோத்து நேரத்துல மாடிக்குப் போயிப் போயி உக்காந்து மொகத்தைக் காட்டிருக்க, ஒரு வார்த்தை சொன்னியாடா?”

“ஆர்ட்டிஸ்ட் சொல்ல வேணாம்னாரு அத்தான். கனி சந்தோசப்படுவாளேன்னுதான்…”

எம்மகளை சந்தோசப்படுத்த இவன் யாரு? அவன் தகரப் பொட்டியைத் தூக்கித் தெருவுல எறிஞ்சேன். மூடி தொறந்து சட்டை துணியெல்லாம் சாக்கடை ஓரமாப் போச்சு. பேச்சி கத்துனா, அவளையும் ஒரு அதட்டு. அந்தப் பய எதுத்து ஒரு வார்த்தை பேசணுமே? ஒவ்வொண்ணாப் பொறுக்கி, ஒதறி, பொட்டியில வச்சுக்கிட்டு, கனி தலையில கைய வச்சுட்டுப் போயிட்டான். எம்மேல தப்பு இருக்கா, நீங்களே சொல்லுங்க. வளத்த கடா மாருல பாஞ்சா வச்சுக் கொஞ்சவா முடியும்?

பேச்சி, இன்னும் என்ன அங்க நின்னு மூக்கைச் சிந்துற? நடந்து முப்பது வருஷம் ஆச்சு. போய் இவருக்கு மோர் கீர் இருந்தாக் கொண்டா.

அவன் போனப்புறம் கால் மொகம் கழுவிட்டு, இங்க, இந்த எடத்துலதான், கனியைப் பக்கத்துல கூப்பிட்டேன். வந்து நின்னா, ரெண்டு அடி தள்ளி. மடிப்புலருந்து அந்தப் படத்தை எடுத்து நீவி, அவ கையில குடுத்தேன். “இங்க பாரு தாயி. இதுதான் நெசப் படம். சகாயம் மாமா மொதல்ல போட்டது இதுதான். கோமேதகன் நல்லவன் ஆயிட்டான். பாரு, அப்பாதான். தாகத்துல கெடக்குற புள்ளைக்குத் தண்ணி குடுக்குறேன்.” கொரலைத் தணிச்சுத்தான் சொன்னேன். எனக்கு அவ்வளவு மெதுவாப் பேச வரும்னு அன்னைக்குத்தான் எனக்கே தெரியும்.

பாத்தா. நல்லா உத்துப் பாத்தா. அந்தப் புள்ள மொகத்தைப் பாத்தா, சொம்பைப் பாத்தா, எம்மொகத்தைப் பாத்தா. ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லிட்டா நாளைக்குக் காலையில கேட் வரைக்கும் போயிரலாம்.

“அந்தப் புள்ள குடிக்கப் போகுதாப்பா?”ன்னா.

“ஆமா தாயி. தாகம்ல?”

படத்துலருந்து கண்ணை எடுக்காம, சின்னக் கொரல்ல கேக்குறா, “குடிக்கிறதுக்குள்ள யாராச்சும் வந்து தட்டி விட்டுருவாங்களா?”

மொதலாளி சொன்னாரு, தாங்கிக்கிட்டேன் தம்பி. சகாயம் சொன்னான், எறிஞ்சேன், ஒடச்சேன். இவளை என்ன பண்ண? பத்து வயசுப் புள்ள. அந்தப் படத்துல கெடக்குற புள்ளைக்காக நெசமாவே பயந்து போயி நிக்கிறா. அது வெஷம் இல்ல, வெறும் தண்ணி தாயின்னு சொல்லலாம்னு வாயத் தொறந்தேன். நான் சொன்னா நம்புவாளா? அந்த மொகம்தானே சொல்லுது.

“ஆமா தாயி”ன்னேன். “தட்டி விட்டுருவாங்க. தவசி மாமா வந்துருவாரு. சரியான நேரத்துக்கு வந்து, சொம்பை ஒரே தட்டாத் தட்டி விட்டுருவாரு.”

நிமிந்து என்னைப் பாத்தா. “மாமாவைத்தான் நீ வெரட்டி விட்டுட்டியேப்பா”ன்னா.

சட்டையை மாட்டிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுனேன், அந்தத் துரோகிப் பயலைக் கூட்டியார. அருப்புக்கோட்டை பஸ்ஸு கெளம்பிருக்கக் கூடாதுன்னு சாமியெல்லாம் கும்புட்டுக்கிட்டே ஓடுனேன். ஓடாம வேற என்ன செய்ய? எம்மக படத்தைக் கையில வச்சுக்கிட்டு வாசல்ல நிக்கிறா. யாராச்சும் வந்தாத்தானே அந்தப் புள்ள பொழைக்கும்.